சூசைநாதன் திருத்திச் சொன்ன பதில்கள்

பாகூர் தர்மாஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் சூசைநாதனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், மனிதர் நைசாக வெளியே நழுவி, சைக்கிள் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டு வருவார். "இந்த மனுஷனுக்கு ஆண்டவரு உட்கார்ற எலும்ப வைக்க மறந்துட்டாரு" என்று அவர் மனைவி அமிர்தம் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

பிரெஞ்சு சர்க்கார் காகிதத்தில் அவர் பதவிக்கு அன்ஃபிர்மியே என்று பெயர். அது ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. அவர்களுக்கு அவர் மருந்துக்காரர். குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பது, புண் கழுவிக் கட்டுவது, வரப்பு வரப்பாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்கு அம்மை குத்துவது எல்லாம் அவர் வேலை. வியாழக்கிழமை தோறும் டவுனிலிருந்து டாக்டர் துரை காரில் வருவார். சின்ன வயசு. வந்து இரண்டு வருஷம் ஆகியும் தமிழில் 'வா', 'போ', 'நாக்கு' என்ற மூன்று சொல்தான் கற்றிருந்தார். மற்றதற்கெல்லாம் சூசைநாதன் வாய்தான்.

அந்த வாய்க்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கிழவர் வந்து, "நெஞ்சுல பல்லி ஊர்ற மாதிரி இருக்குதுங்க, அதுவும் மருமவ எதிர்ல வந்தாத்தான்" என்பார். சூசைநாதன் துரையிடம், "இரண்டு நாளாக மூச்சு முட்டுகிறது" என்று பிரெஞ்சில் சொல்வார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால், "நடவு அன்னிக்கிலேர்ந்து" என்று ஒருத்தி சொல்வாள்; இவர் விரலை மடக்கிப் பார்த்து, "ஒன்பது நாள்" என்பார். துரைக்கு எழுதச் சௌகரியம். நோயாளிக்குத் திட்டு மிச்சம். இதைப் பொய் என்று சூசைநாதன் ஒரு நாளும் நினைத்ததில்லை. கோணலாக வருவதை நிமிர்த்திக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. 1936-ஆம் வருஷம் பொங்கலுக்கு மறு வாரம்தான் தையலம்மாள் வந்தாள்.

தையலம்மாள் பாகூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு காணி நெல் பயிரிட்டுப் பிழைக்கிற கண்ணையனின் மனைவி. அறுபத்தைந்தும் இருக்கலாம், எழுபதும் இருக்கலாம். பிள்ளைகள் இல்லை. பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் அவள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, வயல் வழியே மேற்கே நடந்துகொண்டே போயிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் நாலு வரப்பு தாண்டினால் ராஜ்யம் மாறிவிடும். நடுவில் இங்கிலீஷ்காரன் சீமை ஒரு துண்டு, அதைக் கடந்தால் மறுபடியும் பிரெஞ்சுக்காரன் ஊர். இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடிக்காரர்கள் அவளை மறித்து எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, கரியமாணிக்கத்துக்கு, எங்கள் அம்மா வீட்டுக்கு என்றாளாம். அந்த அம்மா செத்து நாற்பது வருஷம் ஆகிறது. முதல் தடவை என்பதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் வந்தது. கிழவிக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்து எழுத வேண்டும், சரியில்லை என்றால் டவுனில் புத்தி பேதலித்தவர்களை அடைத்து வைக்கிற கட்டடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வியாழக்கிழமை காலையிலேயே கண்ணையன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். தலைத்துண்டு கைக்கு வந்திருந்தது.

"சூசை, அவள அங்க அனுப்பிடாதப்பா. கொஞ்சம் மறதி, அவ்ளோதான். எனக்குந்தான் மறதி. மாட்ட எங்க கட்டுனேன்னு நானே தேடுறேன்."

"கேக்குறதுக்குப் பதில் சொன்னாப் போதும் பெரியவரே. மீதிய நான் பாத்துக்கறேன்."

"அங்க போனா ஒரு வாரத்துல செத்துடுவா. நீ புண்ணியம் கட்டிக்கோ."

சூசைநாதன் அவர் தோளைத் தட்டி உள்ளே அனுப்பினார். இத்தனை பேருக்கு நிமிர்த்திக் கொடுத்தவருக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

துரை ஒரு காகிதத்தில் பத்துக் கேள்வி எழுதி வைத்திருந்தார். தையலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, சுத்தமாகத் தலை வாரி, பார்க்க மிடுக்காகத்தான் இருந்தாள். இது என்ன மாதம் என்று கேட்டதற்கு அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வண்டி மாட்டின் கொம்பில் பொங்கல் வண்ணம் இன்னும் உதிரவில்லை.

"பொங்கலாச்சே. இது கூடவா தெரியாது ஒங்க தொரைக்கு?" என்றாள்.

சரி. வயது என்ன என்றதற்கு, "பெரிய பொயலு அடிச்சப்போ எங்கம்மா என்ன இடுப்புல வச்சிக்கினு ஓடுனாளாம்" என்றாள். இந்த ஊரில் யாருக்கும் வயது தெரியாது, புயலை வைத்துத்தான் கணக்கு என்று சூசைநாதன் விளக்கினார். துரை தலையை ஆட்டினார். இருபதிலிருந்து தலைகீழாக எண்ணச் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் கலங்கிற்று. சூசைநாதன் உடனே நெல்லளக்கிற கையைக் காட்டினார். அதைப் பார்த்ததும் அவள் கையும் மரக்காலைப் பிடித்ததுபோலக் குவிந்தது. "லாபம், ரெண்டு, மூணு, நாலு" என்று பாட்டு மாதிரி இருபதுக்கும் மேலே ஓட்டினாள். களத்தில் யாரும் ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள், நெல்லைத் தலைகீழாக எண்ணுவது இங்கே அபசகுனம் என்று சூசைநாதன் சொன்னார். துரைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தனியாக ஒரு குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார்.

கடைசியில், "உன் புருஷன் பேர் என்ன?"

தையலம்மாள் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எதிரே நின்ற கண்ணையன் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீளம்.

சூசைநாதன் சிரித்துவிட்டார். "எங்கள் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். வழக்கம்" என்றார் துரையிடம். துரை பத்தாவது கேள்விக்கு நேரே 'வழக்கம்' என்று எழுதி, புத்தி தெளிவாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். கண்ணையன் கூப்பிய கையை இறக்கவேயில்லை. மறுநாள் ஒரு பெரிய பூசணிக்காய் சூசைநாதன் வீட்டு வாசலில் இருந்தது.

நல்லது செய்தவனுக்குத் தூக்கம் வர வேண்டும். இவருக்கு வரவில்லை. அந்தப் பார்வைதான் காரணம். வெட்கப்படுகிறவள் தரையைப் பார்ப்பாள். இவள் ஏன் முகத்தைத் தேடினாள்? சனிக்கிழமை வீட்டுக் கொல்லையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவரை, பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்த அமிர்தம் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா, காலுல கொள்ளிய வச்ச மாதிரி?"

"ஒண்ண கேக்கணும். போன வருஷம் வூட்டு வூட்டுக்கு ஆளுங்கள எழுத வந்தாங்களே, எம்பேரக் கேட்டாங்களா ஒன்ன?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"மாதாவோட வூட்டுக்காரரு, லீலிப் பூவ வச்சிக்கினு நிக்கிறாரே, அவரு பேருன்னு சொன்னேன். அந்தாளு சிரிச்சிக்கினே எழுதிக்கினான்."

"எல்லாப் பொம்பளைங்களும் இப்பிடித்தான் சொல்லுவாங்களா?"

"பின்ன? எதிர் வூட்டுக்காரி முருகரு கையில இருக்கறதக் காட்டுவா, வேலுன்னு புரிஞ்சிக்கணும். அதுக்குன்னு ஒண்ணு வச்சிருப்போம், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. பேரச் சொல்ல மாட்டோமே தவிர, கேட்டவங்கள வெறுமன அனுப்ப மாட்டோம்."

சூசைநாதனின் நடை நின்றது. கண்ணையன் என்ற பேருக்குச் சாடை சொல்ல என்ன கஷ்டம்? வெண்ணெய் திருடினவர் பேர் என்றால் போதும். புல்லாங்குழல் மாதிரி விரலை வாயில் வைத்துக் காட்டினாலே போதும். ஐம்பது வருஷம் அப்படிக் காட்டியிருப்பாள். அன்றைக்கு அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. வழக்கம் என்று அவர் சொன்னது வழக்கமில்லை. அவளுக்குப் பேர் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தும் தெரியவில்லை.

பூசணிக்காய்க் குழம்பை அவர் அன்று தொடவில்லை. மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்ணையன் வீட்டுக்குப் போனார்.

போனால், அடுப்படியில் கண்ணையன் புளி கரைத்துக்கொண்டிருந்தார். தையலம்மாள் முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள், சற்று முன் சூசைநாதன் நடந்த அதே நடை. அவள் முந்தானையில் ஒரு நீளக் கயிறு முடிந்திருந்தது. மறுமுனை கண்ணையன் இடுப்பில். சூசைநாதன் அதைப் பார்த்ததைக் கண்ணையன் பார்த்துவிட்டார்.

"மாட்டக் கட்டுற மாதிரி கட்டலப்பா. அவ இழுத்தா எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்" என்றார்.

துரையின் கேள்விக் காகிதம் இங்கே உதவாது என்று சூசைநாதனுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியதைத்தான் கேட்க வேண்டும். முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, "ஆயா, வூட்டுக்காரரு எங்க?" என்று கேட்டார்.

"கழனிக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு."

"இவரு யாரு?"

அவள் கண்ணையனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "வேலைக்கு வந்த பெரியவரு. பாவம், நல்லவரு. சோறெல்லாம் ஆக்குறாரு. எங்க வூட்டுக்காரரு வந்ததும் சொல்லி நெல்லு கொஞ்சம் கூடக் குடுக்கச் சொல்லணும்."

கண்ணையன் புளியைப் பிழிந்து சக்கையைப் போட்டார். சூசைநாதன் பக்கம் திரும்பவில்லை. "நாலு மாசமா நான் வேலைக்காரந்தான்" என்றார். "கூலி குடுக்குறேங்கறாளே, அதுவே பெருசு."

சூசைநாதன் எழுந்து போய்ச் சைக்கிள் மணியை ஒருமுறை திருகினார். துரையிடம் உண்மையைச் சொன்னால் அவளை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சொல்லாவிட்டால் கயிறு ஒரு நாள் அவிழும். அடுத்த வியாழக்கிழமை துரை வந்தார், போனார். சூசைநாதன் சொல்லவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமையும் சொல்லவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவர் மெலிந்தே போனார். அமிர்தம் கேட்டதற்கு வேப்பம்பூ ரசம் வை என்றார்.

மாசி பிறந்ததும் கயிறு அவிழ்ந்தது. கண்ணையன் மடை திருப்பப் போன அரை மணி நேரத்தில் முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தையலம்மாள் கிளம்பிவிட்டாள். இந்தத் தடவை வெறுங்கையோடு போகவில்லை. பொங்கலுக்குக் கமருதீன் கடையில் கண்ணையன் எடுத்துத் தந்த புதுப் புடவை, மடிப்புக் கலையாமல், கடை முத்திரையோடு பெட்டியில் இருந்தது. அம்மாவுக்குப் பொங்கல் புடவை என்று அதை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். சாவடிக்காரர்கள் தேடுவதே அதைத்தான்: தீர்வை கட்டாமல் எல்லை தாண்டுகிற உடுத்தாத புதுத்துணி. போன தடவை வந்தது ஒத்திகை, இது கடத்தல் என்று முடிவு கட்டிப் பிரெஞ்சுப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள். புத்தி பேதலித்தவள் என்று கண்ணையன் கதறியபோது, போலீஸ்காரர் துரை கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் காட்டினார். தெளிவான புத்தி என்று எழுதியிருக்கிறதே பெரியவரே, தெளிவான புத்தி என்றால் ஜெயில், இல்லை என்றால் அந்தக் கட்டடம், வியாழக்கிழமை டாக்டர் எதைச் சொல்கிறாரோ அது என்றார்.

காப்பாற்றப் போட்ட காகிதம் அவள் கழுத்துக்கே வந்துவிட்டது. அதைப் போட வைத்தது யார் என்று சூசைநாதனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வியாழக்கிழமை துரை காரை விட்டு இறங்கி நாற்காலியில் உட்காரும் முன்னாலேயே சூசைநாதன் பேச ஆரம்பித்துவிட்டார். பல்லி ஊர்கிற நெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மாட்டுக் கொம்பைப் பார்த்து அவள் மாதம் சொன்னது, மரக்கால் பிடிக்கிற கையைத் தான் காட்டியது, புருஷன் பேருக்கு வழக்கம் என்று தான் சொன்னது, அவள் பேர் சொல்லாதது வழக்கத்தால் இல்லை என்று தெரிந்தும் இரண்டு வியாழக்கிழமை வாயைத் திறக்காதது. வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னார். துரையின் காது சிவந்தது. ரொம்ப நேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷம்" என்றார் கடைசியில். "அத்தனை டாக்டர்களும் உன்னைத்தான் பரிசோதித்திருக்கிறோம், நோயாளியை இல்லை. இனிமேல் அவர்கள் சொல்வது மட்டும்தான் எனக்கு வேண்டும். கோணலாக இருந்தாலும் அப்படியே."

தையலம்மாளைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். போலீஸ்காரர் கதவோரம் நின்றார். கண்ணையன் அவள் பக்கத்தில் நின்றார். துரை கேட்டார், சூசைநாதன் அப்படியே சொன்னார். இது என்ன மாதம்? பொங்கல். இது எந்த ஊர்? கரியமாணிக்கம், எங்கம்மா வூடு. அம்மா எங்கே? உள்ளே நெல்லு குத்துறா, சத்தம் கேக்கல ஒனக்கு? ஒவ்வொரு பதிலையும் நிமிர்த்தாமல் சொல்வது அவருக்குப் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. பத்தாவது கேள்வி வந்ததும் துரை அதைப் பேனாவால் அடித்துவிட்டார். "இது வேண்டாம். இதைக் கேட்பது முறையில்லை அல்லவா?" என்றார்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு விக்கல் எடுத்தது. கண்ணையன் தண்ணீர் எடுக்க வெளியே பானைப் பக்கம் போனார். அவர் முதுகு வாசலைத் தாண்டியதும் தையலம்மாள் பெஞ்சை விட்டு எழுந்தாள். புது இடம், போலீஸ்காரர், வெள்ளை முகம். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

"கண்ணையா" என்று கூப்பிட்டாள். "எலேய் கண்ணையா, என்ன வுட்டுட்டு எங்கடா போற?"

போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே சொம்பு விழுகிற சத்தம் கேட்டது. கண்ணையன் கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றார்.

"தோ, இங்கதான் கீறேன்" என்றார். அந்த முகத்தில் நாலு மாதமாக இல்லாத வெளிச்சம்.

என்ன சொன்னாள் என்று துரை கேட்டார்.

"புருஷன் பேரைச் சொன்னாள்."

"அப்படியென்றால் ஞாபகம் இருக்கிறது" என்றார் துரை சந்தோஷமாக. பேனாவை எடுத்தார்.

சூசைநாதன் கண்ணையனைப் பார்த்தார். அவர் சந்தோஷத்தைப் பார்க்கவும் முடியவில்லை, கெடுக்கவும் மனம் வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாம், இருந்தால் ஜெயில். கண்ணையனுக்கும் புரியட்டும் என்று முதலில் தமிழில் கேட்டார்.

"பெரியவரே, இந்தம்மா ஒங்கள எப்பனா பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா?"

"கரியமாணிக்கத்துல, சின்னப் புள்ளைங்களா இருந்தப்போ. அவ எங்க மாமன் பொண்ணு. தாலி கட்டுனதுக்கு அப்பால ஒரு நாளும் இல்ல."

சூசைநாதன் துரையிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். இந்த ஊரில் ஒருத்தி புருஷன் பேரைச் சொல்லாமல் இருப்பது ஞாபகம். அதைச் சொன்னது மறதி. அவளுக்குத் தாலி கட்டியது மறந்துவிட்டது, ஐம்பது வருஷம் குடித்தனம் செய்தது மறந்துவிட்டது. கூட விளையாடிய பையனைக் கூப்பிடுகிறாள். இதைவிடப் பெரிய அத்தாட்சி உங்கள் பத்துக் கேள்வியில் கிடைக்காது.

துரை பேனாவை வைத்துவிட்டார். "அப்படியானால் டவுனுக்கு அனுப்ப வேண்டும்."

"அங்கே இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் ஏன் என்று கேட்பார்கள்?" என்றார் சூசைநாதன். "இங்கே கேட்க ஒருவர் இருக்கிறார். தினமும் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன். எனக்கு எப்படியும் உட்காரத் தெரியாது."

துரை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தையலம்மாளுக்கு விக்கல் நின்றிருந்தது. கண்ணையனின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தாள். துரை எழுத ஆரம்பித்தார். ஞாபகம் அழிந்துவிட்டது, செய்வது என்னவென்று அறியாதவள், குற்றமில்லை. மற்றவருக்கு ஆபத்தில்லை, புருஷனிடமே இருக்கலாம். அன்ஃபிர்மியே சூசைநாதன் தினமும் பார்க்க வேண்டும், தவறினால் அவர் பொறுப்பு. போலீஸ்காரர் காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவளைக் கண்ணையனின் மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, சூசைநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார். சாவடி இல்லை, ஜெயில் இல்லை, கட்டடமும் இல்லை. கண்ணையன் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று அவர் எதிர்பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். ஏரிக்கரை வந்ததும் கண்ணையன் மாட்டை ஓட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டார்:

"அம்பது வருஷம் கழிச்சி இன்னிக்கித்தாம்பா எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டா. அதப் போயி நோவுன்னு எழுத வச்சிட்டியே?"

சூசைநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். வண்டியில் அவள் மறுபடியும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கண்ணையன் அவள் பக்கம் திரும்பி, ஏன் என்றார்.